ஆறு ஸ்பீக்கரில் ஒலி: மகளை டிப்ளமாவில் சேர்ப்பதற்கு முன்

உங்கள் மகள் இ.சி.இ. மூன்றாம் ஆண்டு. புரோகிராம் எழுதிப் பல ஸ்பீக்கர்களில் ஒலி வரவைப்பதில் ஆர்வம். அதற்காகச் சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமாவில் பணம் கட்டலாமா என்று கேட்கிறீர்கள். இப்போது வேண்டாம். அது பெரும்பாலும் ரெக்கார்டிங், மிக்ஸிங் கற்றுத்தரும் படிப்பு. அவர் விரும்புவது கார் ஆடியோ, கேம் ஆடியோ, காதுக்கருவி ஆகியவற்றுக்குள் இருக்கும் சிக்னல் புராசஸிங், அதாவது ஒலியைக் கணக்கு மூலம் மாற்றியமைக்கும் வேலை. அதற்கு இ.சி.இ.யே நல்ல வழி.

ஆர்வம் நிற்குமா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். லேப்டாப்பின் ஹெட்போன் துளை இரண்டு சானல்தான் (தனித்தனி ஒலிப்பாதை) தரும். 5.1 (ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) ஹோம் தியேட்டர் ரிசீவர் இருந்தால் ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போதும். "7.1" என்று விற்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டில் ஒரே ஒரு ஹெட்போன் துளை இருந்தால் வாங்காதீர்கள்; வெளியே வருவது இரண்டு சானல்தான்.

பைத்தானில் சவுண்ட்டிவைஸ் என்ற இலவச லைப்ரரி இருக்கிறது. முதலில் கருவிப் பட்டியலை எடுத்து, அதிகபட்ச வெளியீட்டு சானல் எத்தனை என்று பார்க்கட்டும். விண்டோஸில் ஒரே கருவி எம்எம்இ, வாசாபி (விண்டோஸ் ஒலியை அனுப்பும் வெவ்வேறு வழிகள்) எனப் பல பெயரில் வரும். ஸ்பீக்கர் அமைப்பை 5.1 என்று மாற்றாவிட்டால் வாசாபி இரண்டு சானலோடு நின்றுவிடும். ஆறு கேட்டால் -9998 பிழை வரும். கோடில் தப்பில்லை, அமைப்பில்தான்.

பிறகு 48000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48000 சாம்பிள், அதாவது ஒலியின் அளவீட்டு எண்கள்), ஆறு நெடுவரிசை கொண்ட நம்பை (பைத்தானின் எண் கணக்கு லைப்ரரி) அணியில், ஒவ்வொரு சானலுக்கும் ஒரு நொடி டோன். ஒலியளவு 0.2 (முழு அளவு 1) போதும். தொடக்கத்திலும் முடிவிலும் 480 சாம்பிள், அதாவது 10 மில்லிசெகண்ட், ஒலியளவைப் படிப்படியாக ஏற்றி இறக்காவிட்டால் 'டிக்' என்று கேட்கும். வரிசை: இடது, வலது, நடு, சப்வூஃபர், பின்இடது, பின்வலது. மற்றவற்றைப் போல நான்காவதற்கும் 1000 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்துவிட்டு சப்வூஃபர் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவார்கள்; அதற்கு 50 ஹெர்ட்ஸ் கொடுக்க வேண்டும். சினிமா மிக்ஸிங்கில் இடது, நடு, வலது என்ற வரிசையும் உண்டு. அந்தக் கோப்பை இங்கே ஓட்டினால் வசனம் வலது ஸ்பீக்கரில் கேட்கும்.

இது பிடித்துப்போனால் அடுத்தது சி பிளஸ் பிளஸ். ஒரு தடவைக்கு அனுப்பும் தொகுப்பு (பஃபர்) 256 சாம்பிள் என்றால் 5.3 மில்லிசெகண்டுக்குள் கணக்கு முடிய வேண்டும். ஒவ்வொரு பஃபரையும் நிரப்ப அழைக்கப்படும் கால்பேக் ஃபங்ஷனில் கோப்பு படித்தால் ஒலி அறுபடும். ஏன் என்று நேர்காணலில் அவரால் விளக்க முடிய வேண்டும். கல்லூரி இறுதி புராஜெக்ட்டுக்கே இதை எடுக்கலாம். இத்தனைக்கும் பிறகு மிக்ஸிங்தான் இழுக்கிறது என்றால், டிப்ளமாவைப் பட்டம் வாங்கியபின் பேசலாம்.