மாஸ்டர் பதில்கள்: வெற்றிலையும் மரமும் வீடும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாகாண சபையைப் பற்றியவை. கறிவேப்பிலைக் கன்றுக்கு என்ன உரம் போடலாம் என்று கேட்ட பதுளை வாசகி மன்னிக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் கேள்வி உங்களுடையதுதான்.

நேற்று வரை மேடையில் ஒருவரை ஒருவர் நாறடித்தவர்கள் இன்று ஒரே ஜீப்பில் வருகிறார்கள். எதிரிக் கட்சிகள் சேர்ந்து மாகாண சபையைப் பிடித்தால் அதை வெற்றி என்பதா, வியாபாரம் என்பதா?
– ஆட்டோ ஓட்டும் வாசகர், மஸ்கெலியா

சேர்ந்தது தேர்தலுக்கு முன்பா பின்பா என்று முதலில் பாருங்கள் தம்பி. முன்பு சேர்ந்தால் அது பெண் பார்க்க வருகிற மாதிரி. பிடிக்காவிட்டால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம். பின்பு சேர்ந்தால், தாலி ஏறிய பிறகுதான் மாப்பிள்ளை முகத்தையே நமக்குக் காட்டுகிறார்கள்.

இதற்குக் கிழக்கு மாகாணத்தை விட நல்ல பாடம் இல்லை. வாத்தியார் புத்தி, கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டாமல் எனக்கு விளக்க வராது. 2012 செப்டெம்பர் 8 தேர்தல். மொத்தம் 37 ஆசனம், ஆட்சிக்கு 19 வேண்டும். மகிந்த அரசாங்கத்தின் வெற்றிலைச் சின்னத்துக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வீட்டுக்கு 11, முஸ்லிம் காங்கிரஸின் மரத்துக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சியின் யானைக்கு 4, விமல் வீரவன்சவின் தேசிய சுதந்திர முன்னணிக்கு 1. யாருக்கும் 19 இல்லை.

அந்த 14இலும் ஒரு சங்கதி இருக்கிறது. உண்மையில் வாக்கால் வந்தது 12. முதலாவதாக வந்த கட்சிக்குப் போனஸ் 2. வெற்றிலைக்கு 2,00,044 வாக்கு, வீட்டுக்கு 1,93,827. வித்தியாசம் 6,217. அந்த ஆறாயிரம் மறுபக்கம் விழுந்திருந்தால் வீட்டுக்கு 13, வெற்றிலைக்கு 12. தோட்டத்தில் வாக்குப் போடப் போகாமல் “நான் ஒருத்தன் போடாட்டி என்னா ஆவப் போவுது” என்று வெயில் காய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைப் பல முறை சொல்லியிருக்கிறேன்.

இப்போது சாவி மரத்தின் கையில். மரமும் வெற்றிலையும் சேர்ந்தால் 21. மரம், வீடு, யானை மூன்றும் சேர்ந்தால் 22. இரண்டு வழியும் திறந்திருக்கிறது. மரத்தின் தலைவர் ஹக்கீம் அப்போது கொழும்பில் நீதி அமைச்சர்; அரசாங்கத்தில் இருந்துகொண்டே கிழக்கில் தனிச் சின்னத்தில் கேட்டார். கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஐயா, முதலமைச்சர் பதவியையே தருகிறோம், வாருங்கள் என்றார். பத்து நாள் இழுபறிக்குப் பிறகு மரம் வெற்றிலையோடு போனது. வெற்றிலையின் நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சர்.

கதை அங்கே முடியவில்லை. 2015 ஜனவரியில் கொழும்பில் ஆட்சி மாறியது. பெப்ரவரியில் முஸ்லிம் காங்கிரஸின் நசீர் அஹமட் முதலமைச்சர் ஆனார். ‘11 ஆசனம் உள்ள எங்களுக்குத்தானே முதலமைச்சர்’ என்று கேட்டுப் பார்த்த கூட்டமைப்பு, பிறகு கல்வி, விவசாயம் என்று இரண்டு அமைச்சுகளோடு உள்ளே போனது. அதே சபை, அதே ஆசனக் கணக்கு, வேறு ஆட்சி. இடையில் மட்டக்களப்பிலோ மூதூரிலோ ஒருவர் கூட மாகாண சபைக்காக வாக்குச்சாவடிப் பக்கம் போகவில்லை.

2012இல் நடந்தது மோசம், 2015இல் நடந்தது நல்லது என்று எழுதச் சொல்லி ஒருவர் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே சட்டப்படி நடந்தவை. ஒன்றில் நமக்குப் பிடித்தவர்கள் உள்ளே இருந்தார்கள் என்பதற்காக அதற்கு மட்டும் மாலை போட எனக்கு மனம் வரவில்லை. ஊவாவிலும் அப்படித்தான். 2014 செப்டெம்பரில் 34இல் வெற்றிலைக்கு 19, யானைக்கு 13, ஜே.வி.பி.யின் மணிக்கு 2. நாலு மாதம் கழித்து யானையின் ஹரின் பெர்னாண்டோ முதலமைச்சர். பதுளை பஸ் நிலையத்தில் கொடியும் கட்-அவுட்டும் மாறின. வாக்குச் சீட்டு மாறவில்லை.

ஆகவே வெற்றியா வியாபாரமா என்றால், வியாபாரம்தான். வியாபாரம் கெட்ட தொழில் அல்ல தம்பி, நீங்களும் செய்கிறீர்கள். மீட்டர் போட்டு ஓடுகிறார்களா என்பதுதான் என் கேள்வி.

ஒரே கூட்டணி, ஒரே சின்னம். பிறகு ஏன் எங்கள் தோட்டத்தில் மண்டை உடைகிறது?
– ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, பண்டாரவளை

விருப்பு வாக்கு ஐயா, விருப்பு வாக்கு. கட்சிக்கு ஒரு புள்ளடி (×), அதற்குக் கீழே ஆட்களுக்கு மூன்று வரை. கூட்டணி எத்தனை ஆசனம் எடுக்கும் என்பதை மேல் புள்ளடி தீர்மானிக்கிறது. அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதைக் கீழ்ப் புள்ளடி. எதிர்க்கட்சிக்காரன் எவ்வளவு வாக்கு எடுத்தாலும் உங்கள் வேட்பாளரின் விருப்பு வாக்கு குறையப் போவதில்லை. பக்கத்தில் கைகோத்து நிற்கிற பங்காளி எடுத்தால்தான் ஆபத்து.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தேர்தல் கடமைக்குப் போயிருந்தேன். சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் என்று பெரிய பெயர். வேலை என்னவோ பெட்டிக்குக் காவல் இருப்பது. வழியில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரைப் பார்த்தேன். ஒரே சின்னம் இருபது இடத்தில். ஒவ்வொன்றிலும் பக்கத்தில் இருந்த இலக்கத்தின் மேல் வேறு இலக்கம் ஒட்டி, அதன் மேல் பழைய இலக்கத்தைத் திரும்ப ஒட்டி, பசை காயாமல் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு சங்கம், ஒரே கூட்டணி. எதிர்க்கட்சியின் போஸ்டரும் அதே சுவரில்தான் இருந்தது. அதில் ஒரு கீறல் இல்லை!

இரண்டு சங்கத்துத் தோட்டத் தலைவர்களும் ஒரே லயத்தில், அதாவது வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா. நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். அந்த ஒரு மாதமும் இரண்டு வீட்டுப் பெண்களும் தண்ணீர்ப் பீலிக்கு வெவ்வேறு நேரத்தில் போனார்களாம். இரவு எனக்குச் சாப்பாடு இரண்டு வீட்டிலிருந்தும் வந்தது. கடமையில் இருக்கிறவன் யார் வீட்டுச் சோற்றையும் தொடக்கூடாது என்று சொல்லி இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டு, கையில் கொண்டுபோன பாணையும் சம்பலையும் தின்றேன். இன்று வரை இரண்டு பேருக்கும் என் மேல் கோபம்.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாடற்றவர்கள் பட்டியலில் பாதி ஆயுள் போய், பிரஜாவுரிமை கிடைத்து, அவர் முதன்முதலாக வாக்குப் போட்டது 1993 மே 17 மாகாண சபைத் தேர்தலில். பிரேமதாச கொல்லப்பட்டு பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து, தெரிந்த சின்னம் எல்லாவற்றுக்கும் புள்ளடி போட்டேன் என்றார். “எல்லாரும்தானே வந்து கும்புட்டுக் கேட்டாங்க, ஒருத்தர எப்புடி வேணாம்ங்குறது?” செல்லுபடியற்ற வாக்கு. சொல்லி அவர் முகத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு முப்பது வயதாகப் போகிறது. மாகாண சபைக்கு நான் வாக்களித்ததே இல்லை. அப்படி ஒன்று இருப்பதால் எனக்கு என்ன?
– வாசகி, தலவாக்கலை

உங்களைக் குற்றம் சொல்ல முடியாது பிள்ளை. மத்திய மாகாணத்தில் கடைசித் தேர்தல் 2013 செப்டெம்பர் 21. நாட்டிலேயே கடைசி, அடுத்த ஆண்டு ஊவா. 2018இல் நமது சபையின் காலம் முடிந்தது. அன்று தொட்டு ஆளுநரும் செயலாளர்களும் நடத்துகிறார்கள்.

2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். தொகுதி பிரிக்க வேண்டும். பிரித்த அறிக்கை 2018 ஆகஸ்ட் 24 பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139. ஆதரவாக ஒருவரும் இல்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். எதிரிக் கட்சிகள் சேர்ந்த கூட்டணி என்றால், நான் பார்த்ததில் ஆகப் பெரியது அதுதான். பழைய முறை போய்விட்டது, புதிய முறை வரவில்லை, நடுவில் நீங்கள்.

உங்களுக்கு என்ன என்று கேட்டீர்கள். தேசியப் பாடசாலை தவிர்ந்த பள்ளிக்கூடங்கள் மாகாணத்தின் கையில். நமது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அனேகமாக எல்லாமே அதற்குள்தான். மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்வி என்று ஒரு அமைச்சரின் கீழ் தனியாக எழுதிவைத்திருந்தார்கள். அவர் நல்லவரோ கெட்டவரோ, வீட்டு வாசலில் போய் நின்று ‘எங்க ஸ்கூலுக்குக் கணக்கு டீச்சர் இல்ல’ என்று கத்த ஒரு வாசல் இருந்தது. நான் அதிபராக இருந்தபோது இரண்டு தடவை கத்தியிருக்கிறேன். ஒரு தடவை டீச்சர் வந்தார். இப்போது கத்துகிறவன் கண்டிக்குப் போய், பாஸ் எடுத்து, கியூவில் நிற்க வேண்டும். அன்றைய பேரும், அதாவது ஒரு நாள் சம்பளமும், போய்விடும்.

ஒரே ஒரு ஆசனம் உள்ள கட்சி கூட்டணியில் என்னத்தைக் கிழிக்கும்?
– வாசகர், கொட்டகலை

1994 பாராளுமன்றத் தேர்தல். சந்திரிகாவுக்கு 105, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. கூட்டினால் 112. வேண்டியது 113. நுவரெலியாவில் சுயேச்சையாக வென்ற நமது மலையக மக்கள் முன்னணித் தலைவர் சந்திரசேகரன் அந்த ஒன்று. பதினேழு வருட யானை ஆட்சி அந்த ஒன்றோடு முடிந்தது. கிழித்தது போதுமா?

வடக்கில் 38இல் 30 எடுத்த கூட்டணியே ஏன் தனக்குள் அடித்துக்கொண்டது?
– கடை வைத்திருக்கும் வாசகர், ஹட்டன்

30 எடுத்ததால்தான்! 2013இல் வீட்டுச் சின்னத்தின் கீழே தமிழரசு, ஈபிஆர்எல்எப், டெலோ, புளொட், தமிழர் விடுதலைக் கூட்டணி என்று ஐந்து கட்சி. ஆயுதக் காலத்தில் ஒருவரை ஒருவர் நம்பாதவர்களும் அதில் இருந்தார்கள். தலைமைக்கு எந்தக் கட்சியிலும் இல்லாத ஓய்வுபெற்ற நீதியரசர் விக்னேஸ்வரனைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு மட்டும் 1,32,255 விருப்பு வாக்கு. ஆனால் சட்டப்படி முதலமைச்சரோடு நான்கு அமைச்சர்தான் இருக்கலாம். கதிரை நான்கு, கட்சி ஐந்து. ஆரம்பத்திலேயே முகம் சுளித்தவர்கள் உண்டு. 2017 ஜூனில், அமைச்சர்கள் மீதான விசாரணை விவகாரத்தில், தங்கள் முதலமைச்சர் மீதே நம்பிக்கையில்லாப் பிரேரணையைத் தூக்கிக்கொண்டு ஆளுநரிடம் போனார்கள். சில நாளில் திரும்ப வாங்கியும் கொண்டார்கள். எதிரில் 8 பேர்தான். சண்டை போட வெளியில் ஆள் இல்லாவிட்டால் வீட்டுக்குள்தானே போட வேண்டும்?

மாகாணத் தேர்தல் வந்தால் மலையகத்து எதிரிக் கட்சிகள் ஒன்றாகக் கேட்க வேண்டுமா? எங்கள் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் தினம் இதே பேச்சு.
– கொழுந்தெடுக்கும் வாசகி, பொகவந்தலாவை

கணக்கு ‘ஆம்’ என்கிறது அம்மா. 2015இல் மனோ கணேசன், திகாம்பரம், இராதாகிருஷ்ணன் மூவரும் தமிழ் முற்போக்குக் கூட்டணி என்று சேர்ந்தார்கள். மூன்று கட்சியும் தனித்தனியாக இழுத்துக்கொண்டிருந்தவை. அந்தப் பொதுத் தேர்தலில் யானையின் கீழ் ஆறு பேர் பாராளுமன்றம் போனார்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) வெற்றிலையில் நின்று நுவரெலியாவில் இருவரைப் பெற்றது. இவர்கள் எல்லாரும் மாகாணத்தில் ஒரே சின்னத்துக்கு வந்தால் எத்தனை வரும் என்று உங்கள் பெரட்டுக் களத்தில் யாராவது ஈர்க்குக் குச்சியால் தரையில் கூட்டிப் பார்த்திருப்பார்கள்.

எதிரிகள் ஒரு தாளில் கையெழுத்து வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. கூட்டு ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? இ.தொ.கா., யானைக்காரர்களின் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி மூன்றும் தோட்டத்தில் சந்தாவுக்காக அடித்துக்கொண்டு, கொழும்பில் முதலாளிமார் சம்மேளனத்துக்கு முன்னால் ஒரே மேசையில் உட்கார்ந்து சம்பளத்துக்குக் கையெழுத்து வைத்தார்கள். 2021இல் சம்பளச் சபை ஆயிரம் ரூபாய் நிர்ணயித்தபோது அந்த ஏற்பாடு முறிந்தது. அந்த ஒப்பந்தத்தைத் திட்டாத வாய் இந்த மலையில் இல்லை. என் வாயும் சேர்த்தி. ஆனால் திட்டுவதற்காவது கையில் ஒரு தாள் இருந்தது. எத்தனை கிலோ, எத்தனை ரூபாய், எந்தத் தேதி வரை என்று அச்சில் இருந்தது.

கட்சிக்காரர்கள் மாலையோடு உங்கள் லயத்துக்கு வரும்போது அந்த மாதிரி ஒரு தாளைக் கேளுங்கள். வென்றால் தமிழ்க் கல்வி எந்தக் கட்சிக்கு? முதல் இரண்டரை வருடம் யார், பின் இரண்டரை வருடம் யார்? தொங்கு சபை வந்தால் எந்தப் பக்கம் போவீர்கள், எந்தப் பக்கம் போகவே மாட்டீர்கள்? சிங்களக் கட்சியின் சின்னத்தில் நிற்கிறீர்கள் என்றால், அந்தக் கட்சி கொழும்பில் கவிழ்ந்தால் நமது ஆள் இங்கே என்ன செய்வார்? சேர்ந்த பிறகு விருப்பு இலக்கத்துக்கு அடித்துக்கொள்ள மாட்டோம் என்று இரண்டு சங்கத்துத் தோட்டத் தலைவர்களும் உங்கள் முன்னால் சொல்வார்களா?

தாள் தராவிட்டால், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுங்கள். சீனியை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள், விற்கிற விலையில்.