பார் மிட்ஸ்வா அழைப்பு: விருந்துக்கு மட்டும் போனால் போதுமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனின் யூத நண்பனுக்கு அடுத்த மாதம் பார் மிட்ஸ்வா. சனிக்கிழமை காலை ஜெப ஆலயத்தில் வழிபாடு, இரவு விருந்து. குடும்பத்தோடு அழைத்திருக்கிறார்கள். இது நம் பூணூல் சடங்கு மாதிரியா? விருந்துக்கு மட்டும் போகலாமா? என்ன பரிசு கொடுப்பது?

பதில்: காலையில் அவசியம் போங்கள். அந்தப் பையன் மாதக்கணக்காகத் தயாராகி வருவது அந்த வழிபாட்டுக்காகத்தான்.

பூணூலோடு ஓரளவுதான் ஒப்பிடலாம். உபநயனத்தில் தகுதியைத் தருவது சடங்கு. இங்கே வயது. 13 வயது நிறைந்ததும் சமயக் கட்டளைகளைக் கடைப்பிடிக்கும் பொறுப்பு யூதச் சிறுவனுக்குத் தானாகவே வந்துவிடும். ஊரைக் கூட்டி விழா எடுக்காவிட்டாலும் அவன் பார் மிட்ஸ்வா, அதாவது கட்டளைக்கு உட்பட்டவன்தான். அதுவரை அவனுக்காகத் தந்தை சுமந்த பொறுப்பு அன்றோடு தீர்ந்தது என்று தந்தையே நன்றி சொல்லும் சிறு ஜெபமும் உண்டு.

பொறுப்போடு இன்னொன்றும் வருகிறது. சில ஜெபங்களைச் சொல்ல வயதுவந்த யூதர்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். பெற்றோரை இழந்தவர்கள் சொல்லும் கதீஷ் அவற்றில் ஒன்று. ஒன்பது பேர்தான் என்றால் சொல்ல முடியாது. அதுவரை எண்ணிக்கையில் சேராத சிறுவன் இனி பத்தாவது ஆளாக நின்று, துக்கத்தில் இருக்கும் ஒருவர் தன் ஜெபத்தைச் சொல்ல வழிசெய்யலாம். இந்த மரபில் என்னை மிகவும் நெகிழ வைப்பது இதுதான்.

அன்று அவனை யூத வேதமான தோராவை வாசிக்க மேடைக்கு அழைப்பார்கள். தோல் சுருளில் கையால் எழுதப்பட்ட அந்த எபிரேய எழுத்தில் உயிர்க்குறிகள் கிடையாது, ராகக் குறிப்பும் கிடையாது. இரண்டையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, சுருளைக் கையால் தொடாமல் ஒரு சுட்டுகோலை நகர்த்தியபடி பாடுவான். தவறினால் அருகில் நிற்பவர் உடனே திருத்துவார். அது வழக்கம்தான், அவமானமில்லை என்று மகனிடம் முன்பே சொல்லிவையுங்கள். வாசித்த பகுதியைப் பற்றிச் சொந்தமாக ஒரு சிற்றுரையும் ஆற்றுவான். 13 வயதுப் பிள்ளையின் விளக்கத்தைப் பெரியவர்கள் அமர்ந்து கேட்பார்கள்.

பெண்களுக்கு இது பாத் மிட்ஸ்வா. ஆர்த்தடாக்ஸ் எனும் மரபுவழிப் பிரிவினர் 12 வயதில் நடத்துவார்கள். மற்றவர்களில் பலர் 13இல். அமெரிக்காவில் இதற்கு வழி திறந்தது 1922 மார்ச்சில் நியூயார்க்கில், ரபி (யூத சமயகுரு) மொர்தெகாய் கப்லான் தன் மகள் ஜூடித்தைச் சபையில் வாசிக்க வைத்த நிகழ்ச்சி.

இனி நடைமுறைக்கு வருவோம். தோள் மூடிய, கோயிலுக்குப் போகும் அளவுக்கு அடக்கமான உடை போதும். ஆண்கள் கிப்பா எனும் சிறு தொப்பியை அணிய வேண்டும். பெரும்பாலும் வாசலிலேயே வைத்திருப்பார்கள். விருந்தினர் அணிவதில் தவறில்லை, அது மரியாதைதான். குஞ்சம் வைத்த ஜெபச் சால்வை மட்டும் யூதர்களுக்கு உரியது. அதை எடுக்க வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் ஆலயமானால் ஆண்களும் பெண்களும் தனித்தனியே உட்காருவார்கள். எல்லோரும் எழும்போது நீங்களும் எழுங்கள். ஜெபங்களைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள் என்பதால் போனை அணைத்துவிடுங்கள், படம் எடுக்காதீர்கள்.

பரிசையும் ஆலயத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். ஓய்வுநாளில் பணத்தைக் கையாள்வது மரபுக்கு விரோதம். பொழுது சாய்ந்து ஓய்வுநாள் முடிந்தபின் இரவு விருந்தில் கொடுங்கள், அல்லது முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பணமென்றால் 18இன் மடங்காகக் கொடுப்பது வழக்கம்: 36, 54, 72 டாலர் என்று. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. உயிருள்ள எனப் பொருள்படும் 'ஹய்' என்ற எபிரேயச் சொல்லின் கூட்டுத்தொகை 18. மகனின் வகுப்புத் தோழன்தானே, வசதிக்கு மீறிச் செய்ய வேண்டியதில்லை. நல்ல புத்தகமும் போதும். உணவுப் பண்டம் மட்டும் வேண்டாம். கோஷர் எனும் யூத உணவு விதிகளைப் பின்பற்றும் வீடாக இருந்தால் அவர்களால் அதைச் சாப்பிட முடியாது.

வாசிப்பு முடிந்ததும் 'மசல் தோவ்' என்று வாழ்த்துங்கள். சில ஆலயங்களில் அப்போது பையன்மேல் மிட்டாய் எறிவார்கள். உங்கள் மகன் கையில் கொடுத்தால் அவனும் எறியலாம்.