மியாசிஸ் என்ற விலங்குதான் நாய்க்கும் பூனைக்கும் பொது மூதாதையா?

பாதி சரி. மரநாய் போல ஒரு சிறு விலங்கு, அதிலிருந்து ஒரு கிளை நாயாகவும் மறு கிளை பூனையாகவும் போனது என்றுதான் நானும் படித்தேன். மியாசிஸ் அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் நேர் பாட்டன் அல்ல, பாட்டனின் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தம் என்று சொல்ல வைப்பது பல். எங்கள் வீட்டு நாய்க்கு ஆட்டெலும்பு போட்டால் தலையைச் சாய்த்து, வாயின் ஓரத்துக்குத் தள்ளித்தான் கடிக்கும். அதன் உதட்டை விலக்கிப் பாருங்கள் (எலும்பு வாயில் இல்லாத நேரமாகப் பார்த்து). மேலே நான்காவது முன்கடைவாய்ப் பல்லும், கீழே முதல் கடைவாய்ப் பல்லும் மற்றவற்றைவிடப் பெரிதாக, கத்தரிக்கோல் போல உரசிக்கொண்டு இறங்கும். மியாசிஸுக்கும் இதே ஜோடிதான். அக்காலத்தில் போட்டிக்கு இருந்த, இப்போது அழிந்துபோன ஹயனோடான்ட் வகை ஊனுண்ணிகளுக்குக் கத்தரி இன்னும் பின்னால், தாடையின் கடைசியில் இருந்தது. அரைப்பதற்கு அதற்குப் பின்னால் பல்லே மிஞ்சவில்லை. நாய், பூனை, மியாசிஸ் கூட்டத்துக்கோ பின்பற்கள் சும்மா கிடந்தன. கரடி அவற்றை அகலமாக்கிக் கிழங்கும் பழமும் அரைத்தது. பூனை தேவையில்லை என்று ஏறக்குறைய உதிர்த்தே விட்டது.

பெயரில்தான் குழப்பம். 1872இல் எட்வர்ட் டிரிங்கர் கோப் என்ற புதைபடிவ ஆய்வாளர் அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்த புதைபடிவத்துக்கு மியாசிஸ் பார்விவோரஸ் என்று பெயரிட்டார். வயது ஐந்து கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. அதன் பிறகு எங்கே சின்னதாக ஓர் ஊனுண்ணியின் தாடை கிடைத்தாலும் மியாசிஸ் என்றே எழுதி வைத்தார்கள், வீட்டில் எல்லாச் சில்லறையும் விழும் அஞ்சறைப் பெட்டி மாதிரி. இப்போது ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார்கள். டெக்சாஸில் கிடைத்த மியாசிஸ் காக்னிடஸ், கரடிநாய் என்னும் அழிந்துபோன ஊனுண்ணிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரிந்து 2016இல் கஸ்டாஃப்சோனியா ஆகிவிட்டது.

பெல்ஜியத்தின் டோர்மால் ஊரில் கிடைத்த இன்னொரு 'மியாசிஸ்' 2014இல் டோர்மாலோசியோன் ஆனது. சுமார் ஐந்தரைக் கோடி ஆண்டுப் பழசு, எடை ஒரு கிலோ அளவு, கணுக்கால் எலும்பைப் பார்த்தால் மரமேறி. இந்தக் கூட்டத்தின் தொடக்கத்துக்கு அருகில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். அதுவும் முதல் ஆள் அல்ல. அதன் பால்பற்களை ஆராய்ந்தவர்கள், தொடக்கம் இன்னும் முன்னால் போகிறது என்கிறார்கள்.