சியாட்டில் மரினர்ஸ் ஏன் ஒருமுறைகூட உலகத் தொடரில் ஆடவில்லை?

வட அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளில், 2025 சீசன் முடிய அதன் சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரையே எட்டாத ஒரே அணி மரினர்ஸ்தான். 1977-இல் ஆடத் தொடங்கிய அணி. அதன் ரசிகனாகச் சொல்கிறேன், இதற்குச் சாபம், ராசி என்றெல்லாம் காரணம் தேட வேண்டாம்.

2001-இல் 116 ஆட்டங்களில் வென்றும் அமெரிக்கன் லீக் இறுதியில் (இதில் வெல்லும் அணிதான் உலகத் தொடருக்குப் போகும்) நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றார்கள். அப்புறம் 2022 வரை பிளே-ஆஃப் பக்கமே வரவில்லை.

கோளாறு பேட்டிங்கில்தான். சியாட்டிலின் குளிர்ந்த காற்றில் பந்து தூரம் போகாது; அந்த மைதானம் பந்து வீசும் பிட்சர்களுக்கே சாதகம். நிர்வாகமும் நல்ல பிட்சர்களை வளர்த்துவிட்டு, அடித்து ஆடுபவர்களுக்குச் செலவழிக்கத் தயங்கியது. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

2025-இல் அது மாறியது. சீசன் நடுவில் அடித்து ஆடும் ஜாஷ் நெய்லரையும் யூஹேனியோ சுவாரஸையும் கொண்டுவந்தார்கள். அணியின் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) கால் ராலே 60 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) அடித்தார். ஒரு கேட்சர் இத்தனை அடிப்பது யாருமே கண்டிராதது! ஆனாலும் டொரோண்டோவுடனான அமெரிக்கன் லீக் இறுதியின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில், 3-1 என முன்னிலையில் இருந்தபோது டொரோண்டோவின் ஸ்பிரிங்கர் அடித்த மூன்று ரன் ஹோம் ரன்னால் 4-3 என்று தோற்றார்கள்.

பேட்டிங்குக்கு இப்படியே தொடர்ந்து செலவழித்தால் சீக்கிரமே உலகத் தொடரில் ஆடுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.