டேங்க் வாய் ஒழுகுகிறது: மூடியை மாற்றுவதா, கழுத்தை மாற்றுவதா, டேங்கையே மாற்றுவதா?

கேள்வி: என்னிடம் 1960-களில் வந்த பைக் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் நிறையப் போட்டால் மூடியைச் சுற்றி ஈரம் கசிகிறது. அந்த இடத்தில் பெயின்ட் உப்பி உரிகிறது. மூடி மாட்டும் கழுத்து வளையத்தை அறுத்து எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இன்னொருவர் புது டேங்கே வாங்கிவிடச் சொல்கிறார். எதற்குச் செலவு செய்வது?

பதில்: இப்போதைக்கு எதற்கும் வேண்டாம். கசிவு எங்கிருந்து வருகிறது என்று இருவருமே சொல்லவில்லையே.

டேங்கின் வாயைச் சுற்றி நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். கழுத்து டேங்கோடு சேரும் இடத்தில் வெள்ளைச் சாக்பீஸ் தூளையோ முகப் பவுடரையோ வளையமாகத் தூவிவிட்டு, மூடியைப் போட்டு, வண்டியை இருபுறமும் சாய்த்துப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு எதுவும் கூடாது. பவுடர் கழுத்தின் அடியில் முதலில் நனைந்தால், கழுத்தை டேங்கோடு பற்றவைத்த ஒட்டு விட்டிருக்கிறது. மேலிருந்து வழிந்து வந்தால் கோளாறு மூடியிலோ வாஷரிலோதான். என் கணிப்பில், கழுத்தை அறுக்கச் சொல்லிக் கொண்டுவரப்படும் டேங்குகளில் பலவற்றுக்கு ஒரு வாஷர் போதும்.

பழைய கார்க் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். அதற்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் போடலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் வைட்டான் என்ற ஃபுளோரின் ரப்பர் இன்னும் நல்லது. சிலிகான் ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பெருத்துவிடும், வேண்டாம். மூடியில் இருக்கும் காற்றுத் துளையை அடைத்துக் கசிவை நிறுத்தும் யோசனையும் சிலருக்கு வரும். அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் வண்டி ஓட்டத்திலேயே நின்றுபோகும். இன்னொன்று, விளிம்பு வரை நிரப்பும் பழக்கம். பெட்ரோல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். 12 லிட்டர் டேங்க் வெயிலில் 20 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான பெட்ரோல் வெளியே வழி தேடும். அதற்குக் கழுத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாஷர் புதிது, அளவாகத்தான் நிரப்புகிறீர்கள், அப்படியும் மேலிருந்து கசிகிறதா? வாஷரில் மை தடவி மூடியைப் பூட்டித் திறந்து பாருங்கள். கழுத்தின் விளிம்பில் மை படாத இடம்தான் பள்ளம். உள்ளே ஒரு மரக்கட்டையைத் தாங்கலாகக் கொடுத்து, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் சீராகிவிடும். கால் சுற்றில் பூட்டும் மூடியாக இருந்து, கொக்கி ஏறும் சரிவு தேய்ந்திருந்தால், மூடி இறுகாமல் சுற்றிக்கொண்டே போகும். அரை மில்லிமீட்டர் தேய்மானத்தைத் தடித்த வாஷர் ஈடுகட்டும். அதற்கு மேல் போனால்தான் கழுத்தில் கை வைக்கும் பேச்சு.

ஒட்டுதான் விட்டிருக்கிறது என்றால், பழைய ஒட்டு எந்த வகை என்று பார்க்காமல் யாரையும் தொடவிடாதீர்கள். பெயின்டைச் சுரண்டிக் கத்தி முனையால் கீறுங்கள். வெள்ளியாய் மின்னி மென்மையாக இழுபட்டால் ஈயம். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. தகட்டின் நிறமே தெரிந்தால் வெல்டிங். ஈயம் என்று இங்கே சொல்வது வெள்ளீயம் கலந்த சால்டர்; அது ஏறத்தாழ 180 முதல் 250 டிகிரிக்குள் உருகிவிடும். பித்தளைக்கு 900 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஈய ஒட்டின் மேல் டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுவின் காப்பில் மின்பொறியால் தகட்டையே உருக்கி ஒட்டுவது) வைத்தால் மிச்சமிருக்கும் ஈயம் வெல்டில் கலந்து, துளையும் விரிசலுமாக நிற்கும். போதாக்குறைக்கு, பரவும் சூட்டில் டேங்கின் மற்ற ஈய இணைப்புகளும் வாய் பிளக்கும். ஈயம் இருந்த இடத்துக்கு ஈயமே வைப்பது பெரும்பாலும் சரியான வேலை. மறக்காமல், வேலை முடிந்ததும் ஃப்ளக்ஸை, அதாவது ஈயம் ஒட்டத் தகட்டில் தடவும் ரசாயனத்தை, கழுவி எடுக்கச் சொல்லுங்கள். மிஞ்சிய ஃப்ளக்ஸ் அமிலமாக இருந்து அடியிலிருந்தே தகட்டைத் தின்னும்.

இதை வீட்டில் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் பற்றிக்கொள்ளும். காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தாலே வெடிக்கும். அதனால்தான் நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. துருவுக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் ஊறிய பெட்ரோல் சூடு படும்போதுதான் வெளியே வரும். பட்டறைக்காரரிடம் டேங்கை எப்படிச் சுத்தம் செய்வார் என்று கேளுங்கள். நன்றாகக் கழுவி, ஒட்டுக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்புவேன் என்றோ, ஆர்கான், கார்பன் டை ஆக்சைடு போன்ற வாயுவைச் செலுத்துவேன் என்றோ சொன்னால் கொடுங்கள். வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால் போதும் என்றால் டேங்கோடு வீடு திரும்புங்கள்.

புது டேங்க் வாங்குவது, கழுத்தைத் தவிர அடித்தகடும் துருவால் சல்லடை ஆகியிருந்தால் மட்டும். மறுதயாரிப்பு டேங்குகளில் பிரேம் மேல் உட்காரும் குழிவின் அகலம், போல்ட் துளைகள், பெட்ரோல் டேப்பின் மரை ஆகியவை ஒத்துவராமல் போவதுண்டு. பழைய டேங்கைக் கழிவுக்குப் போடாமல் வைத்திருங்கள். வண்டியை விற்கும் நாளில் அசல் டேங்குக்குத்தான் மதிப்பு.

கேள்வி: இணையத்தில் கழுத்து வளையம் தனியாக விற்கிறார்கள். 2 அங்குலம், 2½ அங்குலம் என்று போட்டிருக்கிறது. எதை அளந்து வாங்குவது?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒருவர் கழுத்தின் உள்விட்டத்தைச் சொல்வார், இன்னொருவர் மூடியின் விட்டத்தைச் சொல்வார். வெர்னியர் காலிப்பரால் உள்விட்டம், வெளிவிட்டம், விளிம்பிலிருந்து கொக்கி பிடிக்கும் இடம் வரை உள்ள ஆழம் ஆகிய மூன்றையும் அளந்து விற்பவருக்கு அனுப்புங்கள். ஆழம்தான் முக்கியம். அது ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் மூடி ஆடும், அல்லது ஏறவே ஏறாது.

முடிந்தால் மூடியையும் கழுத்தையும் ஒரே இடத்தில் ஜோடியாக வாங்குங்கள். பற்றவைக்கும் முன் கையில் வைத்துப் பூட்டிப் பாருங்கள். ஒட்டிய பிறகு திருப்பி எடுத்துக்கொள்ள எந்த விற்பனையாளரும் சம்மதிக்கமாட்டார். மூடியில் பிராண்ட் எழுத்தோ சாவித்துளையோ இருந்தால், பூட்டிய நிலையில் அது நேராக நிற்கும்படி கழுத்தைத் திருப்பிக் குறித்துக்கொண்டு பற்றவைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் கோணலாக நிற்கும் மூடிகளை நிறையப் பார்க்கலாம்.

கழிவுக்கு வந்த டேங்க் ஒன்றில் அதே மூடி பொருந்தினால், அதன் கழுத்தைச் சுற்றிலும் இரண்டு விரல் தகட்டோடு வெட்டி எடுத்துவாருங்கள். புதிதைவிட அது தரமாகவே இருக்கும். அதற்குள்ளும் பெட்ரோல் இருந்தது என்பதை வெட்டுபவருக்கு நினைவூட்டுங்கள்.

கேள்வி: கழுத்தைச் சுற்றி எபாக்சி பசை அப்பினால் போதாதா? உள்ளே பூச்சாகப் படியும் சீலர் திரவத்தை ஊற்றினால்?

பதில்: எபாக்சி ஊர் போய்ச் சேர உதவும். அதிர்வும் எத்தனாலும் சேர்ந்து அதை உரித்துவிடும். பிறகு பற்றவைக்க வருபவர் அதைச் சுரண்டி எடுக்கவே தனிக் கூலி கேட்பார். சீலர் ஊசித்துளைகளை அடைக்கும், ஆடும் கழுத்தைத் தாங்காது. ஏற்கெனவே சீலர் ஊற்றிய டேங்க் என்றால் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சூட்டில் அது கருகிப் புகையும்.

கேள்வி: கழுத்து மாற்றி, பெயின்டும் அடித்து வாங்கினேன். சில வாரங்களில் அதே இடத்தில் பெயின்ட் உப்புகிறது. பற்றவைத்தவர் பெயின்டரைக் கைகாட்டுகிறார், பெயின்டர் அவரைக் கைகாட்டுகிறார். யாரைக் கேட்பது?

பதில்: உப்பலைக் குத்திப் பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஒட்டில் துளை, பற்றவைத்தவர் பொறுப்பு. உள்ளே துருவும் வெள்ளைப் பொடியுமாக இருந்தால் ஃப்ளக்ஸ் கழுவப்படவில்லை, அதுவும் பெரும்பாலும் அவர் கணக்கில்தான். தகடு காய்ந்து சுத்தமாக இருந்து பெயின்ட் மட்டும் கழன்றால் பெயின்டரைக் கேளுங்கள். குத்துவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துவையுங்கள்.

அடுத்த முறை பற்றவைப்பு, கசிவுச் சோதனை, துரு நீக்கம், தேவைப்பட்டால் சீலர், கடைசியில் பெயின்ட் என்ற வரிசையைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சோதனைக்கு 2 முதல் 3 பிஎஸ்ஐ காற்றும் சோப்புத் தண்ணீரும் போதும். டயருக்கு அடிப்பதுபோல அடித்தால் டேங்க் உப்பிவிடும். அந்தச் சோதனையை நீங்கள் பார்க்கும்போது செய்யச் சொல்லுங்கள்.