ஓடு உடைந்தால் ஒட்டலாமா? அடிபட்ட ஆமை பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: டாக்டர், என் ஆமை மேசையிலிருந்து விழுந்து முதுகு ஓட்டில் விரிசல் விட்டுவிட்டது. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிவிடு என்கிறார் நண்பர். ஒட்டலாமா?

பதில்: முதலில் பசையைக் கீழே வையுங்கள். எனக்கு அதிகம் வருவது இந்தக் கேள்விதான், எல்லோரும் ஓட்டை ஏதோ கீறல் விழுந்த ஜாடி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அது எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அதோடு ஒன்றாகவே சேர்ந்திருக்கின்றன, மேலே நம் நகம் மாதிரி கெரட்டின் தகடுகள், உள்ளே ரத்த ஓட்டமும் நரம்பும் உண்டு, அதனால் நன்றாகவே வலிக்கும். பசையால் மூடினால் கிருமியும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், சீழ் வைப்பது வெளியே தெரியாது. மருத்துவர்களும் கம்பி, எப்பாக்சி என்ற இறுகும் பசை எல்லாம் பயன்படுத்துகிறார்கள்தான், ஆனால் புண் சுத்தமான பிறகு, விரிசலுக்குள் போகாதபடி.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மேலோட்டமான விரிசல் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் என்ற உப்பு நீரால் கழுவி, ஈரமான காஸ் துணியால் மூடுங்கள். பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி போடுவதானால் வெளிர்த் தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து போடுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் வேண்டாம், நல்ல தசையையும் சேர்த்து அரித்துவிடும். விரிசல் வழியாக உள்ளே ஏதாவது தெரிந்தால் எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரல் முதுகு ஓட்டுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. ஈரத் துணியால் மூடி அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள், அதுவும் அன்றைக்கே. ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், பெரிய முறிவு என்றால் ஒரு வருடம் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

கேள்வி: அடிபட்ட தண்ணீர் ஆமையைத் தொட்டியில் விடாமல் வெளியே வைத்தால் காய்ந்து செத்துவிடாதா?

பதில்: ஓரிரு நாளில் சாகாது. புண்ணோடு தொட்டியில் விடுவதுதான் ஆபத்து, அந்தத் தண்ணீரில் அதன் கழிவும் மீந்த தீனியும் ஊறிக்கொண்டிருக்கும். போதாததற்கு, சோர்ந்துபோன ஆமை தலையைத் தூக்க முடியாமல் மூழ்கியே இறந்துவிடலாம், தண்ணீரிலேயே வாழும் ஆமையாக இருந்தாலும் மூச்சு விட மேலே வந்தாக வேண்டுமே. மூடியில் காற்றுத் துளைகள் போட்ட பெட்டியில் ஈரமான துண்டை விரித்து, 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் சூட்டில், இருட்டாகவும் அமைதியாகவும் வைத்திருங்கள். எத்தனை நாள் வெளியே இருக்கலாம், எப்போது கொஞ்ச நேரம் ஆழமில்லாத தண்ணீரில் விடலாம் என்பதைப் புண்ணைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெட்டியை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். வெளியே வைத்தால் ஈ மொய்த்து முட்டையிட்டு, ஓரிரு நாளில் புண்ணுக்குள் புழு வைத்துவிடும்.

கேள்வி: நாய் கடித்தது. சின்னதாக இரண்டு ஓட்டைதான், நன்றாக நடமாடுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: நடமாட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வலியை வெளிக்காட்டுவதில் ஆமையைப் போல அழுத்தக்காரர் கிடையாது. நாயின் பல் உள்ளே கிருமியை இறக்கிவிட்டு வந்திருக்கும், அது தெரியவர ஒரு வாரம்கூட ஆகலாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டும், பெரும்பாலும் ஆன்டிபயாடிக் ஊசியும் தேவைப்படும். அப்புறம், வாய் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழ் வருவது, நீந்தும்போது ஒரு பக்கம் சாய்வது, இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்தால் காத்திருக்கவே வேண்டாம்.

கேள்வி: வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா? பூச்சி மருந்து?

பதில்: மனித மாத்திரை எதுவும் வேண்டாம். பூச்சி மருந்தில் ஐவர்மெக்டின் என்று ஒன்று உண்டு, நாய்க்கும் மாட்டுக்கும் சாதாரணமாகப் போடுவது, ஆமைக்கு அது உயிரை வாங்கும் விஷம். புண்ணில் புழு வந்துவிட்டது என்று பதறி அதைப் போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவரிடமும் ‘ஊர்வன பார்த்துப் பழக்கம் உண்டா’ என்று தயங்காமல் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: மருந்து போடத் தூக்கினால் கடிக்க வருகிறது, நழுவியும் விடுகிறது.

பதில்: இரண்டு கையாலும், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே ஓட்டின் இரு பக்கத்தையும் பிடியுங்கள். விரிசல் அந்தப் பக்கத்தில் இருந்தால் கீழே கை கொடுத்துத் தாங்குங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, வாலும் முதுகெலும்பின் தொடர்ச்சிதான், அதில் காயம் ஏற்படும். தலைகீழாகப் புரட்டுவதும் வேண்டாம். தரையில் உட்கார்ந்து மடியில் துண்டு விரித்து வேலையைப் பாருங்கள், நழுவினாலும் விழும் உயரம் குறைவு. கடிக்கிற ரகம் என்றால் தலைமேல் ஒரு துணியைப் போர்த்துங்கள், கொஞ்சம் அடங்கும்.

கேள்வி: ஓட்டில் மெல்லிய தகடு உரிகிறது. அடிபட்டதா?

பதில்: கீழே பளிச்சென்று கெட்டியான புது ஓடு தெரிந்தால் வளர்ச்சிதான், தண்ணீர் ஆமைகளுக்கு இது சகஜம், பிய்க்காமல் விடுங்கள். மெத்தென்று இருந்தாலோ, துர்நாற்றம் அடித்தாலோ ஓடு அழுகுகிறது என்று பொருள்.

கேள்வி: ஆமைக்கு என் ஏழு வயது மகன் மருந்து போடட்டுமா?

பதில்: வேண்டாம். ஆரோக்கியமான ஆமையின் உடலிலும் சால்மொனெல்லா என்ற, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இருக்கலாம். குட்டி ஆமைகளால் குழந்தைகளுக்கு நோய் வந்ததால்தான், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-இல் தடை போட்டது. நீங்களே கையுறை போட்டுச் செய்யுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் அலசாதீர்கள். பையன் சும்மா இருக்க மாட்டான் என்றால் பெட்டியின் சூட்டை நாளுக்கு இரண்டு முறை பார்த்து நோட்டில் எழுதும் வேலையைக் கொடுங்கள். மருத்துவருக்கும் அந்தக் கணக்கு உபயோகப்படும்.