"ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டே!": குத்தலைப் பாராட்டாகப் படிக்கும் குழந்தை

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. தமிழ்க் கதைகளைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறாள். ஆனால் கதையில் யாராவது குத்தலாகப் பேசினால் அதை அப்படியே நம்பிவிடுகிறாள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: இந்த வயதில் இது வழக்கம்தான். பேச்சில் வரும் குத்தலை ஐந்தாறு வயதிலேயே குழந்தைகள் பிடிக்கத் தொடங்குகிறார்கள். இழுத்துச் சொல்லும் குரலும் முகமும் காட்டிக்கொடுத்துவிடும். அச்சில் அந்த இரண்டும் இல்லை. பெரியவர்களே இத்தகைய வரியில் சற்றுத் தயங்கி, முன்வரிக்குத் திரும்பிப் படிப்பதுண்டு.

இப்படி ஒரு பத்தியைக் கொடுங்கள்: "காயும் துணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா கடைக்குப் போனாள். மழை கொட்டியது. கண்ணன் டிவியை விட்டு எழவில்லை. திரும்பி வந்த அம்மா, கொடியில் சொட்டச் சொட்ட நனைந்திருந்த துணிகளைப் பார்த்தாள். 'ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டே!' என்றாள்."

முதலில் அவளே மனதுக்குள் படிக்கட்டும். நீங்கள் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தால் விடையைச் சொல்லிவிட்டதாகிவிடும். பிறகு இதே வரிசையில் கேளுங்கள்: துணி என்ன ஆனது? அது அம்மாவுக்குத் தெரியுமா? தான் சொன்னதைக் கண்ணன் நம்பவேண்டும் என்று அம்மா நினைக்கிறாளா?

மூன்றாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. "அம்மா பொய் சொல்றா" என்று அவள் சொன்னால் உடனே தவறு என்று வெட்டாதீர்கள். சொல்லும் நடந்ததும் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். பாதி வழி வந்தாயிற்று. பொய் சொல்பவருக்கு மற்றவர் நம்பவேண்டும். குத்திப் பேசுபவருக்கோ, உண்மை இருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். அதனால் பத்தியை மாற்றிக் காட்டுங்கள்: அம்மா துணியைப் பார்க்கும் முன்பே அதே வார்த்தையைச் சொல்கிறாள், அது மெய்யான பாராட்டு. கண்ணன் போனில் அப்பாவிடம் "துணியெல்லாம் எடுத்துட்டேன்" என்கிறான், அது பொய். கடைசியில் முதல் பத்தியின் வரியை அம்மாவின் குரலில் வாசிக்கச் சொல்லுங்கள். புரிந்ததா இல்லையா என்பது அந்தக் குரலிலேயே தெரிந்துவிடும்.

வாரம் இரண்டு நாள், பத்து நிமிடம் போதும். "இவ்ளோ மோசமா வரைஞ்சிருக்கியே!" என்று திட்டுவதுபோல் பாராட்டுவது இன்னும் தாமதமாகத்தான் பிடிபடும், அதைப் பிறகு எடுங்கள். "தேவர் அனையர் கயவர்" (குறள் 1073) போன்ற வஞ்சப்புகழ்ச்சிக்கு உயர்நிலை வகுப்பு வரை பொறுக்கலாம். அவளையே குத்திப் பேசிப் பயிற்சி தரவேண்டாம், வலிதான் மிஞ்சும்.

பத்துப் பதினோரு வயதிலும், நேரில் குரலோடு சொல்லும்போதுகூட எதையும் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, நண்பர்களோடு பேசிப் பழகவும் சிரமப்பட்டால், குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.